எஸ்தரின் கணினிக்கு நான் கட்டிக்கொடுத்த குரல்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மதியத் தூக்கம் பழகிவிட்டது. லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், கண் சொருகுகிற நேரத்தில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். படிக்க முடியாத வேகம். ஆனாலும் பயமாக இருக்காது. ஜன்னலில் உட்கார்ந்து மழை பார்க்கிற மாதிரி இருக்கும். "தூக்கத்துல விரலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க" என்கிறாள் என் மனைவி. நான் எதை டைப் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னதில்லை.

கணினிகளைக் கட்டி மேய்க்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அந்தத் திரையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உங்களில் பலர் ஒரு மென்பொருளைக்கூடச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்திருக்க மாட்டீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. ஒரு காலத்தில் சொல்லியிருப்பேன்.

மென்பொருளை எழுதுகிறவர்கள் மனிதர் படிக்கிற மாதிரி எழுதுவதுதான் சோர்ஸ். அதைக் கொண்டுவந்து, நமக்கு வேண்டியபடி திருத்தி, நம் கணினியிலேயே அதற்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி உட்காரவைப்பது ஒரு வழி. அந்த மாற்றுகிற வேலையைத்தான் கம்பைல் என்கிறோம். இதையெல்லாம் யாரோ முன்கூட்டியே செய்து, மூட்டை கட்டி, சீட்டு ஒட்டி வைத்திருக்கிற பேக்கேஜை எடுத்துப் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. முதலாவதற்கு மணிக்கணக்கு, இரண்டாவதற்கு நிமிடக்கணக்கு. நான் முதல் வழிக்காரன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், பெருங்களத்தூருக்கு அருகே தண்டவாளத்தை ஒட்டியிருந்த ஒரு சின்னக் கல்லூரியில் கணினிப் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது அந்தக் கல்லூரி இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. எனக்குத் துணையாக ஒருவர் வேலை பார்த்தார். படப்பையிலிருந்து பஸ் மாறி வருவார் என்பதால் அவரைப் படப்பைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேக்கேஜ் கட்சி. நான் ஒரு மென்பொருளைக் கம்பைல் செய்யப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நிற்பார்.

"இன்னா பாய், தெருமுனைக் கடையில பாக்கெட் மாவு விக்கிறான். நீங்க இன்னும் ஊறப்போட்டு ஆட்டிகினு கீறீங்களே!"

"பாக்கெட்ல அவன் வச்ச புளிப்புதான்யா சட்டம். நான் ஆட்டுனா என் பதம்" என்பேன்.

அப்போது தாம்பரம் பக்கம் இட்லி மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்பது புதுசு. எங்கள் வீட்டிலும் வாங்கி ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கல்லூரி நூலகத்தில், விசாரணை மேஜையில் எஸ்தர் என்று ஒருவர் இருந்தார். கீழ்க்கட்டளையில் வீடு. முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயின் என்று தனியாகவே வந்து போவார். தற்காலிக வேலை. மாணவர் வந்து புத்தகத்தின் பெயரைச் சொன்னால் கணினியில் தேடி, எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று சொல்ல வேண்டும். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. அதுதான் அவருக்குக் கண்.

முதலில் அதைப் பேக்கேஜிலிருந்துதான் படப்பைக்காரர் போட்டுக்கொடுத்தார். ஆங்கிலம் நன்றாகப் படித்தது. தமிழ் வந்தால் தடுமாறியது.

"யாரோ வாய் நிறைய வெத்தலையை அதக்கிக்கிட்டு பேசுற மாதிரி இருக்கு பாய்" என்றார் எஸ்தர். எனக்கு அது போதும். சோர்ஸை இறக்கினேன். மூன்று வாரம் தினமும் மதியம் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கேட்டுச் சொல்வார், நான் திருத்துவேன். எந்த எழுத்தில் நாக்கு எங்கே மடிய வேண்டும், அலமாரி எண்ணை எப்படி ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க வேண்டும், ஆசிரியரின் இனிஷியலுக்கு முன்னால் எவ்வளவு நிற்க வேண்டும் என்று எல்லாமே அவர் காது சொன்னபடி.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி கம்பைல். ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கணினி அது, இரண்டு மணி நேரம் எடுக்கும். அந்த இரண்டு மணி நேரங்களைத்தான் இப்போதும் கனவில் காண்கிறேன். மதியம் நூலகத்தில் ஆள் இருக்காது. மாணவர்கள் பொத்தேரியிலும் பெருங்களத்தூரிலும் வாடகை அறைகளில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், அதற்கப்பால் தண்டவாளம். டிரெயின் போகும்போது மேஜை லேசாக அதிரும், பூ உதிரும். திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டே இருக்கும். நான் விழித்தபடி தூங்குவேன். எஸ்தர் கணினியின் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மூச்சு வாங்குது பாய். கஷ்டமான இடத்துக்கு வந்துடுச்சு போல" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சுது" என்பார். திரும்பிப் பார்த்தால் முடிந்திருக்கும். காற்றாடியின் சத்தத்தையும் உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தத்தையும் வைத்தே சொல்லிவிடுவார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்திருக்காது.

மூன்றாவது வாரக் கடைசியில் அந்தக் குரல் ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பெயரை முழுசாக, சுத்தமாகப் படித்தது. எஸ்தர் அதை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. "அவரு இப்பதான் வாயைக் கொப்பளிச்சுட்டு வந்திருக்காரு" என்று சிரித்தார். அன்று முதல் அந்தக் குரலை "அவரு" என்றுதான் சொல்வார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நானே பேசக் கற்றுக்கொண்டவனைப் போலச் சந்தோஷமாக இருந்தேன்.

அதற்கு மறு வருஷம் என் மகளுக்கு நிக்காஹ். பத்து நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்ததும் எஸ்தர், "அவரு கொஞ்சம் மக்கர் பண்றாரு பாய்" என்றார். மறுபடி கம்பைல் செய்தேன், சரியாகிவிட்டது. சில மாதம் கழித்து டிஸ்க் நிரம்பி வழிந்தது. கம்பைல் ஆகி வேலை செய்துகொண்டிருக்கிற ஒன்றின் சோர்ஸ் எதற்கு என்று அது இருந்த ஃபோல்டரையே அழித்தேன். திருத்தங்களை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தலையில்தான் இருக்கிறதே என்ற நினைப்பு.

பிறகு ஒரு நாள் எஸ்தருக்கு ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு முதல்வர், ஆபீஸ் மேனேஜர், நூலகர் மூன்று பேரும் அவர் மேஜைக்கு வருவார்கள். விசாரணை மேஜையை அவரால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பார்கள். முடியுமென்றால் வேலை நிரந்தரம். முடியாதென்றால் மாதக் கடைசியோடு சரி. எஸ்தர் கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்ததும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கடிதம் என்னை ஆட்டிவைத்தது. அந்த மனுஷிக்கு இன்னும் நல்ல குரலாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சமயம் மென்பொருளின் புதிய வெர்ஷன் வந்திருந்தது. குரல் இன்னும் தெளிவு என்றார்கள். புதன்கிழமை காலை அதன் சோர்ஸை இறக்கிக் கம்பைல் செய்து, இருந்ததன் மேலேயே போட்டேன். நகல் எடுக்கவில்லை. முன்பு கம்பைல் ஆனபோதே என் திருத்தங்கள் கணினிக்குள் தனிக் கோப்புகளாகப் பதிந்திருக்கின்றன, அவை அப்படியே இருக்கும் என்று நம்பினேன். புதியது அதே பெயரில் தன் கோப்புகளைக் கொண்டுவந்து என்னுடையவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டது. கேட்கவில்லை, எச்சரிக்கவில்லை. சோர்ஸிலிருந்து போட்டால் அப்படித்தான். வைத்தவன் கைதான் பொறுப்பு.

நான் வேலையை முடித்து எழுந்ததும், மதியம் மூன்று மணிக்கு எஸ்தர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு விசையை அழுத்தினார். கணினி பேசியது. வெற்றிலை திரும்பி வந்திருந்தது, அதோடு ஒரு திக்கலும்.

எஸ்தர் கையை எடுத்துக்கொண்டார்.

"பாய், இது யாரு?"

நடந்ததைச் சொன்னேன். மூன்று வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்ததை ஒரு நொடியில் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் அழவில்லை. "நாளைக்கு பத்தரைக்கு வராங்க" என்று மட்டும் சொன்னார், எனக்கு மறந்துபோயிருக்கும் என்பது போல.

குரல் திக்குகிற சத்தம் கேட்டுப் படப்பைக்காரர் வந்தார். "பாய், பேக்கேஜைப் போட்டுடலாம். தமிழ் கொஞ்சம் இடிக்கும். ஆனா திக்காது, நிக்காது" என்றார். வேண்டாம் என்றேன். பழைய வெர்ஷனின் சோர்ஸை மறுபடி இறக்கினேன். நினைவிலிருந்த திருத்தங்களையெல்லாம் மளமளவென்று அடித்தேன். பாதி நினைவுக்கு வந்தது, பாதியை உத்தேசமாகப் போட்டேன். மூன்றே முக்காலுக்குக் கம்பைல் செய்யப் போட்டேன். ஐந்தே முக்காலுக்கு முடியும். நூலகம் ஐந்தரைக்கு மூடிவிடும், ஆனால் காவலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம். முடிந்தபின் தப்பாக வந்தால் மறுமுறை செய்ய நேரமில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். திரையில் எழுத்துகள் ஏறத் தொடங்கியதும் பழைய மதியங்கள் போலவே மனம் மிதக்க ஆரம்பித்தது. என் வீம்பும் என் நிம்மதியும் ஒரே இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

எஸ்தர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். வேப்பமரத்துக்கு அப்பால் ஒரு டிரெயின் போனது.

"பாய், ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"உங்க பொண்ணு நிக்காஹ்க்குப் பத்து நாள் லீவு போட்டீங்களே, அப்ப அவரு பேசவே இல்ல. பத்து நாளும்."

நான் படப்பைக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் பாய். வழக்கமான அப்டேட் போட்டேன். உங்க குரலுக்கு வேண்டிய ஒரு ஃபைலு அதுல மாறிப்போச்சு, ஊமையாயிடுச்சு. சரி, பேக்கேஜையாவது போடலாம்னு போட்டா, நீங்க போட்டது வேற இடத்துல குந்திகினு அத்தப் பேச வுடல. எங்க இன்னா வச்சிருக்கீங்கன்னு தேடுனேன். லிஸ்ட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணாலத்து வூட்டுக்குப் போன் பண்ணலாம்னேன். இந்தம்மா வேணாம்னுட்டாங்க."

"ஏம்மா?" என்றேன்.

"நிக்காஹ் வீட்டுல போய் இதைச் சொல்றதா? அப்புறம்..." என்று எஸ்தர் பெட்டியைத் தடவிக்கொண்டார். "மூணு வாரம் எனக்காக உக்காந்து செஞ்சீங்க. அது நின்னு போச்சுன்னு சொல்ல மனசு வரல. பத்து நாள் சும்மா உக்காந்திருந்தேன். பசங்க வந்து வந்து திரும்பிப் போனாங்க. ரிஜிஸ்டர்ல என் பேருக்கு நேரா, வேலை நடக்கலன்னு நூலகர் கோடு போட்டாரு. அதனாலதான் நாளைக்கு வராங்க."

அந்தக் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதை எழுதவைத்ததும் நான்தான் என்று அப்போது தெரியாது. ஆசையாகச் செய்துகொடுத்த ஒன்று ஒரு ஆளின் சோற்றில் மண் போட்டிருக்கிறது, அவரோ என் மனம் நோகக் கூடாதென்று அதை மூடி வைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. இந்த வேலையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது வேறெப்போதும் இல்லை.

"நாளைக்கு இவரு நல்லா பேசிடுவாரு பாய், எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா நீங்க அடுத்த தடவை லீவு போட்டா நான் யார்கிட்ட போவேன்?"

அவர் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. கடைசி டிரெயின் எத்தனை மணிக்கு என்று கேட்கிற தொனியில்தான் கேட்டார். திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் ஆகியிருந்தது. கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்துகள் நின்றன.

காற்றாடியின் வேகம் குறைந்தது. "நிறுத்திட்டீங்களா?" என்றார் எஸ்தர்.

"நிறுத்திட்டேம்மா. பேக்கேஜைப் போடுய்யா."

படப்பைக்காரர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நான் கைப்பட வைத்தவற்றையெல்லாம் முதலில் பிடுங்க வேண்டியிருந்தது. எதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது நிமிடம் தேடித் தேடி அழித்தோம். பேக்கேஜைப் போட நான்கே நிமிடம்தான்.

எஸ்தர் கேட்டார். தமிழ் இடித்தது. ஆனால் சீராக, திக்காமல் இடித்தது.

"எங்க சர்ச்சுக்கு ஒரு தடவை வெளிநாட்டு ஃபாதர் ஒருத்தர் வந்து ஆறு மாசம் தமிழ்ல பிரசங்கம் பண்ணாரு. அதையே புரிஞ்சுக்கிட்டவ நான். இவரு எந்த மூலைக்கு?" என்றார். காவலாளியிடம் நான் சொல்லிவைக்க, இருட்டும் வரை புத்தகங்களின் பெயர்களைப் படிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தச் சொல்லை எப்படிக் கடிக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே மனதில் ஏற்றினார்.

கிளம்பும் முன் படப்பைக்காரரிடம், "இது நின்னு போனா கழட்டித் திரும்பப் போடறதுக்கு என்ன அடிக்கணும்?" என்று கேட்டார். கழற்ற ஒரு வரி, போட ஒரு வரி, அவ்வளவுதான். அவர் சொல்ல, எஸ்தர் மூன்று முறை அடித்துப் பழகினார். ஆனால் அந்த வரிகள் வேலை செய்ய நிர்வாகியின் பாஸ்வேர்டு வேண்டும். கல்லூரி விதிப்படி அது என்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. படப்பைக்காரருக்கேகூட நானே வந்து அடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். விடுப்பில் போன அந்தப் பத்து நாளுக்கு மட்டும் தற்காலிகமாக வேறொன்றை வைத்துக் கொடுத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். அன்று நான் எடுத்த முடிவுகளில் கம்பைலை நிறுத்தியது சுலபம். இதுதான் கஷ்டமாக இருந்தது. பூட்டையும் சாவியையும் என் கையிலேயே வைத்திருந்ததால்தான் இவ்வளவும் என்று தெரிந்தும் கஷ்டமாக இருந்தது. குனிந்து எஸ்தரின் காதில் சொன்னேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வீட்டுல அக்கா பேரா பாய்? அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம்" என்றேன்.

மறுநாள் பத்தரைக்கு மூவரும் வந்தார்கள். முதல்வர் சாந்தமானவர். நூலகர் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர்தான் கேள்வி கேட்டார். நான்கு புத்தகங்களின் பெயரைச் சொன்னார். எஸ்தர் தேடினார், குரல் கடித்துத் துப்பியது, எஸ்தர் அதை நல்ல தமிழில் எடுத்துச் சொல்லி அலமாரி எண்ணையும் சொன்னார். நான்கும் சரி. "அது பேசுறது எனக்கு ஒண்ணுமே புரியல. உங்களுக்கு எப்படிம்மா புரியுது?" என்று முதல்வர் ஆச்சரியப்பட்டார்.

மேனேஜர் விடவில்லை. "அதெல்லாம் சரி சார். அன்னிக்கு மாதிரி மிஷின் படுத்துக்கிச்சுன்னா? பத்து நாள் இந்த மேஜையில ஒரு வேலையும் நடக்கல."

"அந்தப் பத்து நாள் என் தப்பு சார். அவங்க மேல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"யார் தப்பாவோ இருக்கட்டும் பாய். திரும்ப ஆகாதுன்னு யாரு சொல்றது?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் எஸ்தர், "சார், படுத்துக்கிட்டா என்ன பண்ணுவேன்னு காட்டட்டுமா?" என்றார்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்தபோது அவர் விரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. நல்லாயிருந்த பேக்கேஜை அவர் தன் கையாலேயே கழற்றினார். ஒரு புத்தகத்தின் பெயரைப் படித்துக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது.

அந்த நிசப்தத்தை எப்படிச் சொல்வேன்? அவருக்கு இப்போது திரை இல்லை, குரலும் இல்லை. முன்னே கரும்பலகை போல ஒரு கணினி. ஒரு எழுத்து தப்பினாலும் தப்பியது தெரியாது. மூன்று பேரும் சுற்றி நிற்க, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, போடுகிற வரியை அடித்தார். என் மனைவியின் பெயரை அடித்தார். கணினி 'சரியா?' என்று கேட்டு நிற்குமிடம் ஒன்று வரும், அதற்கு ஒரு விசையை அழுத்த வேண்டும். அது எப்போது வரும் என்று பார்வையுள்ளவனுக்குத் திரை சொல்லும். எஸ்தர் இடது கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். டிஸ்க் கரகரவென்று ஓடியது, ஓய்ந்தது. ஓய்ந்ததும் அழுத்தினார். மறுபடி கரகரத்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். வேப்பமரம் அசையாமல் நின்றது. ஒரு டிரெயின் வந்தது, மேஜை அதிர்ந்தது, போனது. அந்த நான்கு நிமிடங்களில் நான் எங்கேயோ தண்ணீருக்கடியில் இருப்பது போல இருந்தது. யா அல்லாஹ், ஒரு எழுத்தும் தப்பியிருக்கக் கூடாது என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது" என்றார் எஸ்தர்.

ஒரு விசையை அழுத்தினார். நிறுத்திய புத்தகத்தின் பெயரை, அதே கடித்த தமிழில், முதலிலிருந்து குரல் படிக்கத் தொடங்கியது.

முதல்வர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மேனேஜர் மட்டும், "அட்மின் பாஸ்வேர்டு இவங்களுக்கு யாரு குடுத்தது?" என்றார்.

"நான்தான் சார்."

எஸ்தருக்கு வேலை நிரந்தரமானது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ. அலமாரியில் மகளின் நிக்காஹ் பத்திரிகையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

சோர்ஸே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வெற்றிலைக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி எஸ்தரும் நானும் மதியங்களில் உட்கார்ந்தோம். இந்த முறை என் சொந்தக் கணினியில், அவருடையதைத் தொடாமல். ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதினோம், ஏன் என்றும் பக்கத்தில் எழுதினோம். ஆறு மாதம் ஆயிற்று. பழையதில் பலவும் திரும்பக் கிடைத்தன, சில கிடைக்கவே இல்லை. எல்லாவற்றையும் கட்டி, அந்த மென்பொருளை எழுதுகிற முகம் தெரியாத ஆட்களுக்கு அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி வந்தது. அப்புறம் சத்தமில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் போனது. எனக்கு மஞ்சள் காமாலை. மேற்குத் தாம்பரத்தில் வீட்டோடு கிடந்தேன். ஒரு மதியம் அரைத் தூக்கத்தில் திரை ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மனைவி எடுத்துக் காதில் வைத்தாள். முகம் மாறியது. என்னிடம் நீட்டினாள்.

ஒரு ஆண் குரல் புத்தகங்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தது. சுத்தமான தமிழ். நாக்கு மடிய வேண்டிய இடத்தில் மடிந்தது. அலமாரி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னது. எழுந்து உட்கார்ந்தேன்.

பிறகு எஸ்தரின் குரல் வந்தது. "பாய், நாம அனுப்புனதையெல்லாம் சேர்த்துப் புது பேக்கேஜ் வந்திருந்துது, நானே போட்டேன். கேட்டீங்களா? இனிஷியலுக்கு முன்னாடி மட்டும் நிக்க மாட்டேங்குறாரு. பரவாயில்ல. அவரு வந்துட்டாரு பாய்."

"ம்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகும் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"யாருங்க அது, பேரு பேரா படிக்கிறாரு?" என்றாள் மனைவி.

"எங்க ஆபீஸ்காரரு. ரொம்ப நாளா லீவுல இருந்தாரு" என்றேன். "இப்பதான் டியூட்டில சேர்ந்திருக்காரு."